கபச்சுரப்பிக்குக் கட்டளையிடுவது எது? ஹைப்போதலாமஸ் ஹார்மோன்கள் கண்டறியப்பட்ட வரலாறு

மூளையின் அடிப்பகுதியில், எலும்பாலான ஒரு சிறு குழிக்குள், பட்டாணி அளவில் ஒரு காம்பில் தொங்கிக்கொண்டிருப்பது பிட்யூட்டரி சுரப்பி. தமிழில் இதற்குக் கபச்சுரப்பி என்று பெயர். அந்தப் பெயருக்குள் ஒரு பழைய பிழை ஒளிந்திருக்கிறது. மூளையில் உண்டாகும் சளி இச்சுரப்பியின் வழியே வடிந்து மூக்கை அடைகிறது என்று கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலன் கருதினார். இலத்தீனில் 'பிட்யூட்டா' என்றால் சளி. அப்படி ஒரு வழி மூளைக்கும் மூக்குக்கும் இடையே கிடையாது என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியின் கொன்ராட் ஷ்னைடரும் இங்கிலாந்தின் ரிச்சர்டு லோயரும் காட்டிவிட்டனர். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தமிழ்க் கலைச்சொல்லும் அதே கபத்தைச் சுமந்து நிற்கிறது.

இச்சுரப்பியைப் பற்றிய இரண்டாவது தவறான எண்ணம் இருபதாம் நூற்றாண்டில் பிறந்தது. 1920-களின் பிற்பகுதியில் அமெரிக்க உடற்கூறு அறிஞர் ஃபிலிப் ஸ்மித் எலிகளின் பிட்யூட்டரியை மட்டும் மூளைக்குச் சேதமில்லாமல் அகற்றும் முறையைக் கண்டுபிடித்தார். சுரப்பியை இழந்த எலிகள் வளரவில்லை. அவற்றின் தைராய்டு, அட்ரினல், இனப்பெருக்கச் சுரப்பிகள் யாவும் சுருங்கிப்போயின. பிட்யூட்டரித் திசுவை மீண்டும் கொடுத்தபோது அவை தேறின. ஆகவே மற்ற நாளமில்லாச் சுரப்பிகளையெல்லாம் ஆட்டிவைப்பது இதுவே என்ற முடிவுக்கு வந்து, இதைத் 'தலைமைச் சுரப்பி' என்று அழைக்கத் தொடங்கினர். பள்ளிப் பாடநூல்களில் இன்றும் காணப்படும் பெயர் இது.

ஆனால் இந்தத் தலைமை யாருடைய சொல்லையும் கேளாத தலைமை அன்று என்பதற்கான அறிகுறிகள் அப்போதே இருந்தன. பெண் முயல் ஆணுடன் கூடிய பிறகே, ஏறத்தாழ பத்து மணி நேரத்தில், கருமுட்டையை வெளியேற்றுகிறது. கீரியை ஒத்த ஃபெரட் என்னும் விலங்கு, குளிர்காலத்திலும் செயற்கை ஒளியைக் கூடுதல் நேரம் காட்டினால் இனப்பெருக்கப் பருவத்தை அடைந்துவிடுகிறது. அச்சமும் காயமும் அட்ரினல் சுரப்பியை முடுக்கிவிடுகின்றன. கூடுதலையும் ஒளியையும் அச்சத்தையும் உணர்வது மூளை. பிட்யூட்டரிக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. அப்படியானால் மூளை அறிந்ததைச் சுரப்பியிடம் சொல்வது எது?

பிட்யூட்டரியின் பின்மடலைப் பொறுத்தவரை விடை எளிது. ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப்பகுதியிலிருந்து நரம்பிழைகள் காம்பின் வழியே நேராக அங்கு இறங்குகின்றன. வளர்ச்சி ஹார்மோனையும், தைராய்டு, அட்ரினல், இனப்பெருக்கச் சுரப்பிகளைத் தூண்டும் ஹார்மோன்களையும், பால் சுரப்புக்குரிய புரோலாக்டினையும் வெளியிடும் முன்மடல்தான் புதிராக இருந்தது. அதன் உயிரணுக்களுக்கிடையே சுரப்பைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு நரம்பிழைகள் எவையும் காணப்படவில்லை. கம்பி இல்லாத இடத்தில் செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

இரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது?

1930-இல் ருமேனியாவைச் சேர்ந்த கிரிகோரே போப்பாவும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த யுனா ஃபீல்டிங்கும் லண்டனில் ஒரு விந்தையான இரத்தக்குழாய் அமைப்பை விவரித்தனர். ஹைப்போதலாமஸின் அடியில் நுண்குழாய்கள் கொத்தாகத் தோன்றுகின்றன. அவை ஒன்றுசேர்ந்து சிறு நாளங்களாகிக் காம்பின் வழியே சென்று, முன்மடலில் மீண்டும் நுண்குழாய்களாகப் பிரிகின்றன. இதயத்துக்குத் திரும்பாமல் ஒரு நுண்குழாய்த் தொகுதியிலிருந்து இன்னொன்றுக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் இத்தகைய நாளங்களைப் போர்ட்டல் நாளங்கள் என்பர். குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் நாளமும் இவ்வகையே.

எல்லாம் சரியாகக் கண்ட அவ்விருவரும் ஒன்றில் தவறினர். இரத்தம் சுரப்பியிலிருந்து மூளைக்கு மேல்நோக்கி ஓடுவதாக எண்ணினர். இறந்த உடலில் திசுவை வெட்டிப் பார்க்கும்போது குழாய் தெரியும். ஓட்டத்தின் திசை தெரியாது. அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஊசேயும் அவருடைய குழுவினரும் 1935-இல் உயிருள்ள தேரையில் இரத்தம் கீழ்நோக்கி ஓடுவதைக் கண்டனர். அமெரிக்காவில் விஸ்லாக்கி, கிங் ஆகியோரும் உடற்கூற்று அமைப்பைக் கொண்டு அதே முடிவைச் சொன்னார்கள். திசை மாறியதும் கேள்வியின் பொருளே மாறிவிட்டது. மூளையின் நரம்புமுனைகள் ஏதேனும் ஒரு வேதிப்பொருளை அந்த இரத்தத்தில் கலந்துவிட்டால், அது நேராகச் சுரப்பியின் உயிரணுக்களைச் சென்றடையுமே!

இந்த எண்ணத்தைத் தன் வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டவர் ஜெஃப்ரி ஹாரிஸ். 1913-இல் பிறந்த இவர், கேம்பிரிட்ஜில் ஆய்வைத் தொடங்கி, 1937-இல் முயலின் ஹைப்போதலாமஸை மின்சாரத்தால் தூண்டிக் கருமுட்டை வெளியேறச் செய்தார். மின்முனையைச் சுரப்பிக்குள்ளேயே வைத்துத் தூண்டினால் அந்த விளைவு ஏற்படவில்லை என்பது பின்னர் உறுதியாயிற்று. ஆக, சுரப்பி மின்சாரத்துக்குப் பணிவதில்லை. மூளை இடையில் வேறு எதையோ அனுப்புகிறது. ஜான் கிரீனுடன் சேர்ந்து உயிருள்ள எலியிலும் இரத்தம் மூளையிலிருந்து சுரப்பிக்கே ஓடுகிறது என்பதை ஹாரிஸ் நேரில் கண்டறிந்தார்.

எஞ்சி நின்றது ஒரு முரண்பாடு. காம்பை வெட்டினால் சுரப்பி செயலிழக்கிறது என்று சில ஆய்வாளர்களும், அப்படி எதுவும் ஆவதில்லை என்று வேறு சிலரும் எழுதிவந்தனர். வெட்டப்பட்ட போர்ட்டல் நாளங்கள் சில நாட்களிலேயே மீண்டும் வளர்ந்து இணைந்துவிடுகின்றன என்பதே இதற்கு ஹாரிஸ் கண்ட விளக்கம். வெட்டிய இடத்தில் ஒரு சிறு தடுப்புத் தகட்டைச் செருகி நாளங்கள் இணையாதபடி செய்தார். அப்போது சுரப்பி செயலிழந்தே கிடந்தது. தகடு சரியாக அமையாமல் நாளங்கள் வளர்ந்துவிட்ட விலங்குகளில் செயல் திரும்பியது. அதுவரை வந்த இரு தரப்பு முடிவுகளும் ஏன் மோதின என்பது ஒரே தகட்டால் விளங்கிவிட்டது.

1952-இல் ஸ்வீடனின் லுண்டு நகரில் பணியாற்றிய டோரா யாக்கோப்சோனுடன் சேர்ந்து அவர் செய்த சோதனை இன்னும் தெளிவானது. எலியின் பிட்யூட்டரியை அகற்றி, வேறொரு பிட்யூட்டரியை ஹைப்போதலாமஸின் அடியில் பதித்தார்கள். போர்ட்டல் நாளங்கள் அதனுள் வளர்ந்தன. எலிகளின் இனப்பெருக்கச் சுழற்சி மீண்டது, சில குட்டியும் ஈன்றன. அதே திசுவை மூளையின் பக்கவாட்டு மடலுக்கு அடியில் பதித்தபோது, அங்கும் இரத்த ஓட்டம் நன்றாகவே இருந்தும் பயனில்லை. சுரப்பிக்கு வேண்டியது வெறும் இரத்தம் அன்று; ஹைப்போதலாமஸைத் தொட்டுவரும் இரத்தம்.

எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பிரிட்டனில் பெரும் செல்வாக்குடைய உடற்கூறு அறிஞர் சோலி சக்கர்மேன், போர்ட்டல் நாளங்கள் முற்றிலும் துண்டிக்கப்பட்ட ஒரு ஃபெரட் ஒளிக்கு வழக்கம்போலவே இனப்பெருக்கப் பருவத்தை அடைந்தது என்று கூறி, ஹாரிஸின் கோட்பாட்டையே மறுத்தார். ஹாரிஸும் பெர்னார்டு டோனவனும் அதே வகைச் சோதனைகளைத் திரும்பச் செய்து, நாளங்கள் மீள வளராத ஃபெரட்டுகளில் பருவம் வரவில்லை என்று பதில் தந்தனர். ஒரு விலங்கின் எதிர்ச்சான்று ஒரு கோட்பாட்டைச் சாய்க்கலாம் என்பது உண்மைதான். அந்த விலங்கில் ஒரு மெல்லிய நாளம்கூட எஞ்சியிருக்கவில்லை என்பதும் அப்போது உறுதியாக இருக்க வேண்டும். இங்குதான் சக்கர்மேனின் வாதம் வலுவிழந்தது. ஆயினும் ஹாரிஸின் பக்கத்திலும் ஒரு பெரிய குறை இருந்தது. அவர் சொன்ன வேதிச் செய்தியை யாரும் கண்ணால் கண்டதில்லை.

ஆட்டு மூளையும் பன்றி மூளையும்

1955-இல் இரண்டு ஆய்வுக்கூடங்கள் ஏறக்குறைய ஒரே வேளையில் அந்தப் பொருளின் தடயத்தைக் கண்டன. அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிரான்சு நாட்டவரான ரோஜர் கில்லமினும், கனடாவின் மான்ட்ரியலில் மரே சாஃப்ரனும் அவருடைய மாணவர் ஆண்ட்ரூ ஷாலியும், கண்ணாடிக் கலத்தில் வைத்த பிட்யூட்டரித் திசுவுடன் ஹைப்போதலாமஸ் திசுவைச் சேர்த்தால் அது அட்ரினலைத் தூண்டும் ஹார்மோனைக் கூடுதலாக வெளிவிடுகிறது என்று காட்டினர். இதற்குக் காரணமான, இன்னும் பிடிபடாத பொருளுக்குச் சுருக்கமாக சி.ஆர்.எஃப். என்று பெயர் வைத்தார்கள்.

போலந்தில் பிறந்த ஷாலி 1957-இல் ஹூஸ்டனுக்கு வந்து கில்லமினுடன் சேர்ந்தார். ஐந்து ஆண்டுகள் இருவரும் சி.ஆர்.எஃப்.-ஐத் தேடினர், கிடைக்கவில்லை. அன்றைய சோதனை முறைகள் நம்பகமற்றவை. பின்மடலின் வாசோபிரெசின் போன்ற வேறு பொருள்களும் அதே விளைவைக் காட்டிக் குழப்பின. 1962-இல் ஷாலி நியூ ஆர்லியன்சுக்குச் சென்று தனி ஆய்வுக்கூடம் அமைத்தார். அன்றுமுதல் இருவருக்கும் இடையே நடந்தது ஒரு நீண்ட பந்தயம்.

பந்தயத்தின் முதற்பகுதி இறைச்சிக்கூடங்களில் நடந்தது. ஒரு விலங்கின் ஹைப்போதலாமஸில் இப்பொருள்கள் இருக்கும் அளவு ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டாது. எனவே கில்லமின் ஆட்டு மூளைகளையும் ஷாலி பன்றி மூளைகளையும் இலட்சக்கணக்கில் சேகரித்தனர். கில்லமினின் குழு சில ஆண்டுகளில் கையாண்டது ஏறத்தாழ 50 இலட்சம் ஆடுகளின் ஹைப்போதலாமஸ் துண்டுகளை. ஷாலிக்குப் பன்றி மூளைகளை ஆஸ்கர் மேயர் என்னும் இறைச்சி நிறுவனம் நன்கொடையாக அளித்தது. உறையவைத்து, உலர்த்தி, அரைத்து, கரைப்பான்களில் பிரித்து, மீண்டும் மீண்டும் வடித்து எடுக்கும் வேலை. இதை உடலியங்கியல் ஆய்வு என்பதைவிடத் தொழிற்சாலை உற்பத்தி என்பதே பொருந்தும்.

இருவரும் இப்போது முதலில் குறிவைத்தது தைராய்டுக்குரிய செய்தியை. பிட்யூட்டரியிலிருந்து தைராய்டு தூண்டு ஹார்மோனை வெளிவரச் செய்யும் இப்பொருள் டி.ஆர்.ஹெச். எனப்படும். 1966-இல் ஷாலி ஒரு இலட்சம் பன்றி ஹைப்போதலாமஸ்களிலிருந்து 2.8 மில்லிகிராம் டி.ஆர்.ஹெச். பிரித்தெடுத்தார். அதில் குளுட்டாமிக் அமிலம், ஹிஸ்டிடின், புரோலின் என்னும் மூன்று அமினோ அமிலங்கள் சம அளவில் இருந்தன. ஆனால் அவை மொத்த எடையில் சுமார் 30 விழுக்காடே வந்தன. மீதி 70 விழுக்காடு அமினோ அமிலம் அல்லாத ஏதோ ஒன்று என்று அவர் முடிவுகட்டினார். அந்த மூன்று அமினோ அமிலங்களையும் ஆறு விதமாகக் கோத்துச் செயற்கையாகச் செய்து பார்த்தனர். ஒன்றும் வேலை செய்யவில்லை. விடை கையில் இருந்தது. அது விடை என்பதை அறியாமல் ஷாலி அதைக் கீழே வைத்துவிட்டார்.

இதற்கிடையில் பணம் தந்துவந்த அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் பொறுமை குறைந்துவந்தது. பதினைந்து ஆண்டுகளாகியும் ஒரு பொருளின் வேதிக் கட்டமைப்புகூடத் தெரியவில்லை. இப்படியொரு பொருளே இல்லையோ என்ற ஐயம் வெளிப்படையாகவே பேசப்பட்டது. 1969 ஜனவரியில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் துறையினர் கூடினர். நிதி தொடருமா என்பது அக்கூட்டத்தைப் பொறுத்திருந்தது. கில்லமினின் குழுவைச் சேர்ந்த வேதியியலர் ரோஜர் பர்கஸ் அங்கே தம் முடிவை வெளியிட்டார். ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆடுகளிலிருந்து கிடைத்த ஒரு மில்லிகிராம் டி.ஆர்.ஹெச்.-இன் எடையில் பெரும்பகுதி அமினோ அமிலங்களே. அவை ஷாலி கண்ட அதே மூன்று. ஷாலியின் '70 விழுக்காடு' வெறும் மாசு என்பது தெளிவாயிற்று.

அதன்பின் எஞ்சிய மாதங்கள் மூச்சுமுட்டும் ஓட்டம். மூன்று அமினோ அமிலங்களின் வரிசை சரியாக இருந்தும் செயற்கைப் பொருள் வேலை செய்யாததற்குக் காரணம் இரு முனைகளிலும் இருந்தது. இயற்கைப் பொருளில் ஒரு முனை வளையமாக மூடியிருக்கிறது; மறுமுனையில் அமைடு தொகுதி ஒட்டியிருக்கிறது. 1969-ஆம் ஆண்டு முடிவதற்குள் இரு குழுக்களும் சில நாட்கள் இடைவெளியில் இதை அறிவித்தன. ஆடும் பன்றியும் ஒரே மூலக்கூறைத்தான் சுரக்கின்றன. ஹாரிஸ் கூறிய வேதிச் செய்தி கற்பனை அன்று என்பதற்கு மூன்றே அமினோ அமிலங்களால் ஆன சான்று கிடைத்துவிட்டது.

அடுத்தது இனப்பெருக்க ஹார்மோன்களை வெளிவிடச் செய்யும் பொருள். அதில் ஷாலி முந்தினார். அவருடைய குழுவின் ஜப்பானிய அறிஞர்கள் ஹிசாயுக்கி மாட்சுவோ, யோஷிஹிகோ பாபா, அகிரா அரிமுரா ஆகியோரின் உழைப்பில், ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான பொருளைக் கொண்டு, பத்து அமினோ அமிலங்களின் வரிசை 1971-இல் வெளியானது. இன்று இது ஜி.என்.ஆர்.ஹெச். எனப்படுகிறது. அதே ஆண்டில் ஹாரிஸ் 58 வயதில் காலமானார். தம் கோட்பாட்டை உறுதிசெய்த இரு மூலக்கூறுகளை மட்டும் கண்டுவிட்டுப் போனார்.

1977-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பாதியைக் கில்லமினும் ஷாலியும் பகிர்ந்துகொண்டனர். மறுபாதி ரோசலின் யாலோவுக்கு. சாலமன் பெர்சனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய கதிரியக்க எதிர்ப்பொருள் அளவீட்டு முறை இல்லாமல், இரத்தத்தில் இவ்வளவு நுண்ணிய ஹார்மோன் அளவுகளைக் கணக்கிட்டிருக்க இயலாது. இறந்தவர்களுக்கு அப்பரிசு இல்லை என்பதால் ஹாரிஸுக்கும் பெர்சனுக்கும் அதில் இடமில்லை. பிரெஞ்சுச் சமூகவியலர் புருனோ லத்தூர் 1975 முதல் சால்க் ஆய்வு நிறுவனத்தில் கில்லமினின் ஆய்வுக்கூடத்துக்குள் இருந்து கவனித்து, ஸ்டீவ் வுல்கருடன் ஒரு நூலை எழுதினார் என்பது துணைச்செய்தி. அறிவியல் உண்மை ஆய்வுக்கூடத்தில் எவ்வாறு உருவாகிறது என்று ஆராயும் மாணவர்கள் இன்றும் படிக்கும் நூல் அது.

தூண்டுவது மட்டுமா?

தேடியது தூண்டும் பொருளை. கிடைத்ததோ தடுக்கும் பொருள். 1973-இல் கில்லமினின் குழுவில் பால் பிரசோ வளர்ச்சி ஹார்மோனை வெளிவிடச் செய்யும் பொருளைத் தேடியபோது, ஹைப்போதலாமஸ் சாற்றின் ஒரு பகுதி அச்சுரப்பை நிறுத்திக்கொண்டே இருந்தது. 14 அமினோ அமிலங்களைக் கொண்ட அப்பொருளுக்கு சொமட்டோஸ்டாட்டின் என்று பெயரிட்டனர். கணையத்திலும் இது உண்டாகி, இன்சுலினையும் குளுக்ககானையும் அடக்குகிறது என்பது பிறகு தெரிந்தது. இரத்தத்தில் ஓரிரு நிமிடங்களிலேயே இது சிதைந்துவிடுவதால், நீடித்து நிற்கும் ஆக்ட்ரியோடைடு என்னும் மாற்றுப்பொருள் உருவாக்கப்பட்டது. கைகால்களும் முகமும் பெருத்துவிடும் அக்ரோமெகலி நோய்க்கு அது இன்றும் மருந்து.

புரோலாக்டினின் நிலை இன்னும் விசித்திரமானது. பிட்யூட்டரியை எடுத்துச் சிறுநீரகத்தின் உறைக்கு அடியில் பதித்தால் மற்றச் சுரப்புகள் குறைகின்றன. புரோலாக்டின் மட்டும் பெருகுகிறது. அதாவது, மூளை இந்த உயிரணுக்களை ஓயாமல் அடக்கிவைத்திருக்கிறது. பிடி தளர்ந்தால் அவை தாமாகவே சுரக்கும். அடக்கும் பொருள் பெப்டைடு அன்று, டோபமின் என்னும் எளிய மூலக்கூறு. டோபமினைத் தடுக்கும் சில மனநோய் மருந்துகளை உட்கொள்வோருக்குப் பால் சுரப்பு ஏற்படுவதற்குக் காரணம் இதுவே.

உயிரணுவுக்குள் நடப்பதையும் சற்றுப் பார்க்கலாம். முன்மடலின் ஐந்து வகை உயிரணுக்களும் தத்தம் ஹார்மோனை முன்கூட்டியே செய்து, நுண்ணிய பொட்டலங்களில் அடைத்து வைத்திருக்கின்றன. செய்திப்பொருள் உயிரணுவுக்குள் நுழைவதில்லை. வெளிச்சவ்வில் தனக்குரிய ஏற்பியில் பொருந்துகிறது. டி.ஆர்.ஹெச்., ஜி.என்.ஆர்.ஹெச். ஆகியவற்றின் ஏற்பிகள் உயிரணுவுக்குள் கால்சியம் அயனிகளை உயரச் செய்கின்றன; உடனே பொட்டலங்கள் சவ்வோடு இணைந்து உடைகின்றன. சி.ஆர்.எஃப். வகைச் செய்திகள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் இடைத்தூதரை உயர்த்துகின்றன. சொமட்டோஸ்டாட்டினும் டோபமினும் அதே இடைத்தூதரையும் கால்சியத்தையும் தாழ்த்துகின்றன. போதாதென்று, தைராய்டு ஹார்மோன் போன்ற இறுதி விளைபொருள்கள் இரத்தத்தின் வழியே திரும்பி வந்து சுரப்பியையும் ஹைப்போதலாமஸையும் அடக்குகின்றன. ஆகவே ஒவ்வொரு உயிரணுவும் எந்நேரமும் பல குரல்களைக் கேட்டே செயல்படுகிறது.

ஆனால் செய்தியின் அளவைவிட அதன் தாளம் முக்கியமாகலாம் என்பதை முதலில் யாரும் எதிர்பார்க்கவில்லை. பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபிலின் குழு, ஜி.என்.ஆர்.ஹெச். சுரப்பு அழிக்கப்பட்ட ரீசஸ் குரங்குகளுக்கு அதைச் செயற்கையாக அளித்துப் பார்த்தது. மணிக்கு ஒரு முறை சில நிமிடங்கள் செலுத்தியபோது பிட்யூட்டரி வழக்கம்போல் சுரந்தது. இடைவிடாமல் செலுத்தியபோது, பொருள் நிறைய இருந்தும் சுரப்பு நின்றுவிட்டது. மீண்டும் மணிக்கு ஒரு முறை என மாற்றியதும் சுரப்பு திரும்பியது. 1978-இல் வெளியான இந்த முடிவு மருத்துவத்தில் இருவகையில் பயன்பட்டது. கருமுட்டை வெளியேறாத பெண்களுக்குச் சிறு விசைக்கருவி மூலம் விட்டுவிட்டு இதைச் செலுத்திக் கருத்தரிக்க உதவினர். மாறாக, நீடித்துச் செயல்படும் லியூப்ரோலைடு போன்ற மாற்றுப்பொருள்களைக் கொடுத்தால், சுரப்பு முதலில் சில நாள் உயர்ந்து, பின்பு சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. டெஸ்டோஸ்டிரோனைச் சார்ந்து வளரும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும், குழந்தைகள் அளவுக்கு மிஞ்சி முன்கூட்டியே பூப்படைவதற்கும் இது சிகிச்சையாயிற்று. தூண்டும் மருந்தையே கொடுத்துச் சுரப்பை நிறுத்துகிறார்கள்.

1955-இல் தேடத் தொடங்கிய சி.ஆர்.எஃப். கடைசியில் 1981-இல் பிடிபட்டது. கில்லமினின் குழுவிலிருந்து பிரிந்து, அதே சால்க் நிறுவனத்தில் தனியே இயங்கிய வைலி வேல் அதன் 41 அமினோ அமிலங்களின் வரிசையை வெளியிட்டார். இவ்வளவு நீளமான மூலக்கூறு 1950-களின் கருவிகளுக்கு அகப்படாததில் வியப்பில்லை. வளர்ச்சி ஹார்மோனை வெளிவிடச் செய்யும் பொருளுக்கு மூளைகளே தேவைப்படவில்லை. அப்பொருளைத் தாறுமாறாகச் சுரந்து அக்ரோமெகலியை உண்டாக்கிய கணையக் கட்டிகளிலிருந்து, கில்லமினின் குழுவும் வேலின் குழுவும் 1982-இல் தனித்தனியே அதைப் பிரித்தெடுத்தன.

பிட்யூட்டரிக்கு ஹைப்போதலாமஸ் கட்டளையிடுகிறது என்றால், ஹைப்போதலாமஸின் அந்த நரம்பணுக்களுக்குக் கட்டளையிடுவது எது? 2003-இல், பருவமடையாதவர்கள் இருந்த சில குடும்பங்களை ஆராய்ந்த இரு குழுக்கள், ஜி.பி.ஆர்.54 என்னும் ஒரே ஏற்பியின் மரபணுவில் பழுது இருப்பதைக் கண்டன. அந்த ஏற்பியில் பொருந்துவது கிஸ்பெப்டின் என்னும் பெப்டைடு. ஈஸ்ட்ரோஜனின் முதன்மை ஏற்பி ஜி.என்.ஆர்.ஹெச். சுரக்கும் நரம்பணுக்களில் காணப்படுவதில்லை; கிஸ்பெப்டின் நரம்பணுக்களில் இருக்கிறது. ஆகவே சூலகத்தின் செய்தியை வாங்கி ஜி.என்.ஆர்.ஹெச். நரம்பணுக்களிடம் சேர்ப்பதில் இவற்றுக்கு முக்கியப் பங்குண்டு. இதன் மரபணு முதலில் புற்றுநோய் பரவுவதைத் தடுக்கும் ஒன்றாகவே 1996-இல் கண்டறியப்பட்டது. அது கண்டறியப்பட்ட பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரம் 'கிஸ்' என்னும் சாக்லேட்டுக்குப் பெயர்போனது. மரபணுவின் பெயர் அங்கிருந்து வந்தது.